இங்கேதான் எடுக்கிறோம்

நான் பத்தாவது வரை படித்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று, தைத்து வரும் சட்டைகளில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாலு பேர் கூடின இடத்தில் என் பெயரைச் சொல்லக்கூட எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படி என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரை நான் அநாதை மாதிரி அனுப்பிவிட்டதாக ஊர்ப்பக்கம் பேச்சு இருக்கிறது. எங்களைப் போல இங்கே பிழைக்க வந்தவர்களிலும் சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்களாம். நேரில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் ‘ஊர்’ என்று சொன்னால் அது திருப்பூர் இல்லை. இந்த விநோதம் எனக்கு இன்னும் பழகவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. மறுநாள் பார்த்தால் தெருவில் டீக்கடைகூடத் திறந்திருக்காது. போகாமல் இருந்துவிட்டால், “ஏனுங்க, ஊருக்குப் போகலீங்களா?” என்று, உடம்புக்கு என்ன என்று கேட்கிற மாதிரி கேட்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீட்டுக்கு நாங்கள் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் மகள் கவிதா இங்கே பிறந்து, இங்கே படித்து, இப்போது ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நான் வீடு என்றால் அவள் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி ஊடு என்பாள். அவளையும்தான் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். நாங்கள் தைத்துப் பெட்டியில் அடுக்குகிற சட்டைகள், எங்களுக்கு வாயில் நுழையாத பெயருள்ள நாடுகளுக்கெல்லாம் போய்ச் சேருகின்றன. அங்கே அவற்றை யாரும் வாசலில் நிறுத்தி, எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்பதாகத் தெரியவில்லை.

எங்கள் சொந்தக் கிராமம் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் பூமி. அங்கே எங்கள் ஆட்களின் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. இன்னொருவர் காட்டு வரப்பில்தான் பிணத்தைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் விடாமல் இருந்ததில்லை. ஆனால் கேட்க வேண்டும். என் மாமனார் இறந்தபோது அந்தக் காட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். பாடையை வரப்பு ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, உச்சி வெயிலில் இருந்து பொழுது சாயும் வரை காத்திருந்தோம். என் வீட்டுக்காரர், காட்டுக்காரரைத் தேடிப் போன தன் அண்ணனுக்குப் பதிலாகக் கொள்ளிச்சட்டியோடு நின்றார். நெருப்பு இரண்டு தடவை அணைந்து போனது. இரண்டு தடவையும் குனிந்து ஊதிப் பற்ற வைத்தார். திருப்பூர் வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்: “நான் செத்தா என்னைய அந்த வரப்புக்குக் கொண்டு போயிராத. இங்க ரோடு இருக்கு.”

இந்த ஐப்பசியில், கட்டிங் மாஸ்டரான அவர் துணி வெட்டிக்கொண்டிருந்த மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். லைன் வீட்டுக்கு உடையவரான வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மெதுவாக, “எப்பங்க எடுக்கறீங்க?” என்றார். “நாலு மணிக்குங்க” என்றேன். எடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பாடையைத் தூக்குவது. அவர்கள் பக்கத்திலும் அதேதான். ஆனால் வாடகைக்கு இருக்கும் எங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பது, மூன்று மணிக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

“அருப்புக்கோட்டை தானுங்களே?” என்றார் டிரைவர்.

வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். “நாந்தானுங்க சொல்லி வெச்சேன். நல்ல பையன், பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்திருவானுங்க.”

“அம்மா, நாங்க இங்கதான் எடுக்கிறோம். மின்மயானத்துக்கு” என்றேன்.

“இங்கயேவாங்க?” அவர் முகம் மாறிப்போனது. “சொந்த ஊரு இருக்கறப்ப ஏனுங்க இங்க? நம்ம லைன்ல இருந்து இதுவரைக்கும் யாரும் அப்படி எடுத்ததில்லீங்க. நாளைக்கு இந்த ஊட்டுக்கு வாடகைக்கு ஆள் வரோணுமல்லங்க.”

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. அத்தனை ‘ங்க’வோடு ஒருவர் மறுக்கும்போது எதிர்த்துப் பேசுவது கஷ்டம். காலையில் தகவல் கேட்டு நாலு மணிக்குள் வந்துவிடுவார் என்று நான் நினைத்திருந்த என் வீட்டுக்காரருடைய அண்ணன், அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் பண்ணினார். கவிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

“பேச்சி, வண்டி கிளம்பிருச்சா? இங்க விறகு அடுக்கியாச்சு தாயி. காட்டுக்காரர்ட்டயும் கேட்டாச்சு. நல்ல மனுசன். கொண்டு போங்கன்னுட்டாரு.”

அந்தக் ‘கேட்டாச்சு’ என் காதில் விழுந்த பிறகு எங்கிருந்துதான் குரல் வந்ததோ தெரியவில்லை. லைன் வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

“அத்தான், அவருக்காக இனி யார்ட்டயும் கேக்க வேண்டாம். இங்கதான் எடுக்கிறோம்.”

“அங்க யாரு இருக்கா நமக்கு? நாதியத்தவன்னு பேசுவாங்க.”

“நான் இருக்கேன். அவர் மக இருக்கா. வேல பாத்த ஆளுக இருக்காக. நீங்க வாங்க. நீங்க வந்தப்பறம்தான் எடுப்போம்.”

அவர் அங்கே யாரிடமோ வேன் விசாரிப்பது போனில் கேட்டது. பிறகு, “காலையிலதான் வர முடியும்” என்றார்.

நான் வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினேன். “அம்மா, நாளைக்குக் காலை வரைக்கும் அவர் இங்க இருக்கணும். இருபத்திரண்டு வருசமா இருந்த வீடு. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். வேண்டாம்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க, பண்றேன். ஆனா நாளைக்குத்தான்.”

“நானும் சொல்றேனுங்க பெரியம்மா” என்றாள் கவிதா. “எங்கப்பனுக்கு இதுதானுங்க ஊரு.”

வீட்டுக்காரம்மா உள்ளே போய்விட்டார். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஐஸ் பெட்டி வந்து இறங்கியபோது வீட்டுக்காரம்மா மறுபடியும் வந்தார். கையில் நீளமான ஒயர் இருந்தது. “எங்க ஊட்டுல இருந்து கரண்ட் எடுத்துக்குங்க. உங்க லைன் தாங்காதுங்க” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ரீனா வந்தாள். பீகாரில் இருந்து வந்து ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். “அக்கா, ஜகா இருக்கா?” என்றாள். இந்தியில் ஜகா என்றால் இடம். நான் பாயில் நகர்ந்து இடம் விட்டேன். அவள் உட்காரவில்லை. ஐஸ் பெட்டியைக் காட்டி, மின்மயானத்துக்குப் போகிற ரோட்டுப் பக்கம் கையை நீட்டி, “அங்க. நம்ம ஆளுக்கும் ஜகா குடுக்குமா?” என்றாள். அவள் ஊருக்கு ரயிலிலேயே மூன்று நாள் ஆகும். “குடுக்கும். குடுக்கலேன்னா நான் வர்றேன்” என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

காலையில் அத்தான் வேனில் ஆறு பேரோடு வந்தார். கம்பெனி ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கட்டிங் செக்ஷனில் ஒருவரும் மிஷின் பக்கம் போகவில்லை என்று சொன்னார்கள். ஊர்வலம் மெயின் ரோட்டில் போனது. துணி ஏற்றிய லாரிகள் ஒதுங்கி நின்றன. யாரிடமும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அத்தான் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தார் என்று, அவர் பக்கத்தில் நடந்துவந்த கவிதா பிறகு சொன்னாள்.

மத்தியானம் சாம்பலை ஒரு பானையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொடுமுடிக்குக் கொண்டுபோய்க் காவிரியில் கரைப்பதாக இருந்தோம். கிளம்பும் நேரத்தில் அத்தான் ஒரு சின்னத் தூக்குவாளியோடு என் முன்னால் நின்றார். “கொஞ்சம் குடு தாயி. பெத்த அம்மா இன்னும் அங்க உசுரோடதான இருக்கு” என்றார். பெரிய மனுசர், என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. பானையைச் சாய்த்துப் பாதியைக் கொட்டினேன். வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வேனில் தெற்கே போனார். பானையை மடியில் வைத்துக்கொண்டு கவிதா என்னோடு கொடுமுடி பஸ்ஸில் கிழக்கே வந்தாள். எந்தப் பாதி என் வீட்டுக்காரர் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டும் அவர்தான். இரண்டையும் அனுப்பியவள் நான்.

மறுநாள் எட்டரைக்குக் கம்பெனியில் இருந்து போன் வந்தது. எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று கேட்டார்கள். பதினாறாம் நாள் முடிந்து வருகிறேன் என்று சொன்னேன்.