பழம் கடைசியில்தான்

எனக்கு வாய் கூட, எதிர்த்துக் கதைக்காமல் இருக்கத் தெரியாது. நானாகச் சொல்லவில்லை, லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்களைத் தெரிந்த சனம் முழுக்கச் சொல்வது அதுதான். ஏ லெவல் முடிய பிரெஞ்சு படிக்க மான்செஸ்டர் போகப்போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோதும் முதலில் இந்த வாய்தான் குறுக்கே வந்தது.

"உந்த வாயை வைச்சுக்கொண்டு ஆரின்ர வீட்டில போய் இருக்கப் போறாய்?" என்று அப்பா கேட்டார். "ரெண்டாம் நாள் சாமானோட தூக்கி வெளியில எறிவாங்கள்."

அந்த நேரம் பார்த்து எங்கள் பிரெஞ்சு ஆசிரியை ஒரு ஒழுங்கு செய்தார். சவுத் கென்சிங்டனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம். அவர்களின் மகளுக்கும் என் வயது, பதினேழு. ஒக்டோபர் விடுமுறைக்கு நான் அங்கே போய் இருந்து பிரெஞ்சு பேசுவது, அதே கிழமை அவள் எங்கள் வீட்டில் வந்து இருந்து ஆங்கிலம் பேசுவது. மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எக்ஸ்சேஞ்ச் என்று விமானம் ஏறிப் பிரான்சுக்குப் போகிறார்கள். நான் பிக்கடில்லி லைன் ரயிலில் போனேன்.

போவதற்கு முன் அப்பா தீர்ப்புச் சொன்னார். "ஒரு கிழமை அந்த வீட்டில சண்டை பிடிக்காம இருந்து காட்டு. காட்டினியெண்டால் மான்செஸ்டர். சண்டை பிடிச்சியோ, இஞ்ச வீட்டில இருந்து பஸ்ஸில போய் வாற யூனிவர்சிட்டிதான். பிறகு என்னோட கதைக்கக் கூடாது." நான் ஓமென்று தலையாட்டினேன். ஒரு கிழமைதானே, ஏழு நாள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வீட்டுக்காரியை மதாம் என்றுதான் கூப்பிடவேண்டும். அவர், இவர் என்று மரியாதையாக எழுதவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கை வரவில்லை, விடுங்கள். நான் கதவுக்குள் காலை வைத்ததும் மதாம் என் ஜக்கெட்டை வாங்கினாள். கொழுவப் போகிறாள் என்று நினைத்தேன். மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரே பல்கனிக்குக் கொண்டுபோய் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். "சமையல் மணம்" என்றாள். "காற்றுப் பட்டால் போய்விடும்."

அம்மா வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளிக்கும் வீட்டில் கொழுவியிருந்த ஜக்கெட் மணக்கத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நானே அதற்கு ஸ்பிரே அடித்திருக்கிறேன். ஆனால் அதை நான் செய்வது வேறு, வந்து ஒரு நிமிடம் ஆகாத வீட்டில் ஒரு மனுசி என் கண் முன்னால் செய்வது வேறு. கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மான்செஸ்டர், மான்செஸ்டர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே மெர்சி என்று நன்றி சொன்னேன்.

அந்த வீட்டில் எல்லாம் மேசையில்தான் நடக்கும். காலை, மதியம், இரவு, மூன்று நேரமும் எல்லோரும் ஒன்றாக இருக்கவேண்டும். இடையில் குசினிக்குள் போய் எதையும் எடுக்கக் கூடாது. அறையில் ஒன்றும் தின்னக் கூடாது. நான் ஒரு வசனம் பேசினால் மதாம் முதலில் அதில் உள்ள பிழையைத் திருத்துவாள், நான் திருத்திச் சொன்ன பிறகுதான் பதில் சொல்வாள். "தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டுத் தண்ணீர் வருவதற்குள் தொண்டை வறண்டுபோகும். அவளுடைய புருசன் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த மனுசனை நான் குறை சொல்லமாட்டேன், இருந்தால்தானே குறை சொல்ல.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாளை விரல் விட்டு எண்ணலாம். அப்பாவுக்கு ஹீத்ரோவில் கார்கோ ஷிப்ட், அம்மாவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் டில்லில் பின்னேர ஷிப்ட். சட்டிகள் அடுப்பில் மூடியிருக்கும். வந்தவர் வந்த நேரம் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் போவோம். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக இருப்பது எனக்குப் புதிது.

இதெல்லாம் பொறுத்திருப்பேன். திங்கட்கிழமை கந்தசஷ்டி தொடங்கியது.

எனக்குப் பக்தி முற்றிப்போய் ஒன்றும் இல்லை. பெரியபிள்ளையான வருடம் தொடங்கி அம்மாவோடு சேர்ந்து விரதம் பிடிக்கிறேன். பகலில் தண்ணீர், பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும், ஆறாம் நாள் சூரன்போர். அவ்வளவுதான். அம்மாகூடப் போனில் சொன்னா, "அங்க போய் நிண்டுகொண்டு பிடிக்கத் தேவையில்லை. முருகன் கோவிக்க மாட்டார்" என்று. ஆனால் எனக்கு விட மனமில்லை. அதோடு அந்த முறை முருகனிடம் கேட்க எனக்கு ஒரு காரியமும் இருந்தது.

மதாமிடம் மறைக்காமல் சொன்னேன். இது எங்கள் சமய விரதம், ஆறு நாள், இரவில் பாலும் பழமும் மட்டும் போதும், உங்களுக்கும் வேலை மிச்சம் என்று அகராதி பார்த்து ஒத்திகை பார்த்துச் சொன்னேன். அவள் இரண்டு பிழை திருத்தினாள். பிறகு, "மதம் வெளியே. இந்த மேசையில் அது இல்லை" என்றாள். "பதினேழு வயதுப் பெண் சாப்பிடாமல் இருந்தால் அதன் பெயர் எனக்குத் தெரியும்."

இரவு என் முன்னால் தட்டு வந்தது. உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஓவனில் வேகவைத்தது. ஐயோ, அந்த வாசம்! பகல் முழுக்க வெறும் வயிறு. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, பழம் தரமுடியுமா என்று கேட்டேன்.

"பழம் கடைசியில்தான்" என்றாள் மதாம். "முதலில் இது. பிறகு சீஸ். பிறகு பழம்."

பழக்கூடை அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. வாழைப்பழம், அப்பிள், பேரிக்காய், எல்லாம் படம் எடுக்க வைத்த மாதிரி. தட்டில் உள்ளதைச் சாப்பிடாதவருக்குப் பழம் கிடையாது. நான் தட்டைத் தொடவில்லை, அவள் கூடையை நகர்த்தவில்லை. தட்டு ஆறிச் சீஸ் தடித்துப்போகும்வரை நாங்கள் எல்லோரும் அப்படியே இருந்தோம். கடைசியில் அவளுடைய புருசன் கொட்டாவி விட்டார், மேசை கலைந்தது.

அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கு அடுத்த நாள் பின்னேரம் நான் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கி, மியூசியம் பக்கத்து மர வாங்கில் குந்தியிருந்து தின்றேன். மழை வந்தது. மிச்சப் பழத்தை அறைக்குக் கொண்டுவந்து தின்றுவிட்டுத் தோலைக் குப்பைக் கூடையில் போட்டேன். விசர் வேலை. வெளியில் போட்டிருக்கவேண்டும்.

மதாம் அந்தத் தோலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள், செத்த எலியைப் பிடித்த மாதிரி. "மேசையில் சாப்பிடமாட்டாய். ஒளித்து வைத்துத் தின்பாய். இது நோய்." பேசினால் சண்டை வரும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாய் மூடி நின்றதை அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கே மான்செஸ்டருக்கு டிக்கெட் எடுத்துத் தந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மதாமின் மகள் எங்கள் வீட்டிலிருந்து தாய்க்குப் போன் எடுத்தாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: இந்த வீட்டு அம்மா எனக்கு மூன்று நேரமும் சமைக்கிறார், தான் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடுவதில்லை. போதாதா! தாயும் மகளும் பட்டினி கிடக்கிற வீட்டில் என் பிள்ளை இருக்கிறாள் என்று மதாம் ஆசிரியைக்குப் போன் போட்டாள். ஆசிரியை எங்கள் வீட்டுக்குப் போன் போட்டார். எக்ஸ்சேஞ்ச் இத்துடன் சரி, அவரவர் பிள்ளையை அவரவர் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

அன்று பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அப்பா. ஷிப்டிலிருந்து நேரே வந்திருந்தார், மின்னுகிற மஞ்சள் ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் மதாமின் மகள், பெட்டியோடு.

"உடுப்பை அடுக்கு" என்றார் அப்பா. "உந்த வீட்டுக்காரி உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டாம். காரை ரோட்டு மஞ்சள் கோட்டில விட்டிட்டு வந்தனான், தண்டம் எழுதிப்போடுவாங்கள்."

"நான் வரேல்ல."

"என்ன?"

"ஒரு கிழமை எண்டுதானே சொன்னீங்கள்? இன்னும் முடியேல்ல. நான் சண்டை பிடிக்கேல்ல. அவதான் அனுப்புறா. இது கணக்கில்லை."

"கணக்கு வழக்கெல்லாம் வீட்டில போய்ப் பார்ப்பம், வா."

வீட்டில் போய்ப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கிழமை இருக்க ஏலாதவள், மூன்று வருடம் எப்படி இருப்பாள் என்பார். நான் அந்த வீட்டு நடையிலேயே நிலத்தில் குந்திவிட்டேன். உலகத்தில் எனக்கு ஆகவே ஆகாத வீடு அது, என்னை வெளியே போ என்கிறது, நான் போகமாட்டேன் என்று குந்தியிருக்கிறேன்.

அப்போது மதாம் வந்து அப்பாவிடம் ஆங்கிலத்தில், செவிடனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்கள் மகளுக்கு வருத்தம். உங்கள் மனைவிக்கும் வருத்தம். டொக்டரிடம் காட்டுங்கள்."

அப்பா, "சொறி மேடம்" என்றார். எதற்குச் சொறி? கார்கோவில் ஒவ்வொரு சூப்பவைசருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொறி. அதைக் கேட்டதும் எனக்குள் கட்டி வைத்திருந்தது எல்லாம் அறுந்தது.

எழும்பினேன். பிரெஞ்சில் தொடங்கினேன். ஜக்கெட்டில் தொடங்கி, ஆறிப்போன உருளைக்கிழங்கு, பழக்கூடை, வாழைப்பழத் தோல் என்று ஒன்று விடவில்லை. என் அம்மா வெறும் வயிற்றோடு நின்று உன் மகளுக்கு மூன்று நேரம் சமைத்திருக்கிறா, அவவை நோய்க்காரி என்கிறாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா என்று கேட்டேன். நீங்கள் என்று சொல்லவேண்டிய இடமெல்லாம் நீ என்றுதான் வந்தது. அகராதி, ஒத்திகை ஒன்றும் இல்லை. எங்கிருந்து வந்தது அந்தப் பிரெஞ்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதாம் ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது அந்த மகள்தான் பேசினாள், பிரெஞ்சில், தாயிடம். "நான் அந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறேன். அங்கே நான் தனியாகச் சாப்பிட்டேன். யாரும் என் தட்டைப் பார்க்கவில்லை. வைத்ததெல்லாம் சாப்பிட்டேன்."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கோட்டுக்குள் ஆளே இல்லாத மாதிரி ஒரு மெலிவு. மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருடைய தட்டுக்காக அந்த மேசைச் சட்டமெல்லாம் என்று எனக்கு விளங்கியது. பாவம் என்று நினைக்கவேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை. அந்த ஜக்கெட் கண்ணுக்குள் நின்றது.

மதாம் மகளுக்குச் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் படியிறங்கியது. அப்பா ஒன்றும் விளங்காமல் அதன் பின்னால் போனார். நானும் கார்வரை ஓடினேன். அவள் பின் சீற்றில் ஏறி பெல்ட் போட்டுவிட்டாள்.

"அவ எங்கட வீட்ட திரும்பி வாறாவாம்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்."

"அப்ப நீ?"

"நான் இஞ்ச." கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். சரிதானே, எல்லாம் போயிற்று. "அப்பா, நான் சண்டை பிடிச்சிட்டன். இனி மான்செஸ்டர் இல்லையோ?"

அப்பா சாவியைத் திருகினார். கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனங்களைப் பார்த்தார்.

"நான் எங்க சண்டையைக் கண்டனான்?" என்றார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நீ என்ன கதைச்சனியோ, ஆருக்குத் தெரியும்? நல்லா நிப்பாட்டாமக் கதைச்சாய், அது மட்டும் கேட்டது. போ, இருந்து முடிச்சிட்டு வா."

கார் போன பிறகும் நான் நடைபாதையில் நின்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன். பல்கனிக்குப் போய் என் ஜக்கெட்டைக் கிளிப்பிலிருந்து கழற்றினேன். அத்தனை நாள் காற்றுப் பட்டும் மணம் போகவில்லை. அதைப் போட்டு, கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போய் இருந்தேன்.

மதாம் தனக்கும் புருசனுக்கும் சூப் ஊற்றினாள். என் இடத்தில் தட்டு இல்லை. அங்கே பழக்கூடை இருந்தது, பக்கத்தில் ஒரு கிளாஸ் பால். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் இரண்டு வாழைப்பழமும் ஒரு அப்பிளும் எடுத்தேன். மெர்சி சொல்லவில்லை.