அக்காவின் கை வேர்க்காது

என் அக்காவின் கை வேர்ப்பதில்லை. வேர்க்கிறது என்று ஐம்பது வருடங்களாக அவளை நம்பவைத்தவன் நான். பதினொரு வயதில், பொறாமையால் அதைச் செய்தேன். தெரியாமல் செய்யவில்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கில், கடலோர மெர்சிங் போகும் சாலையோரம் சித்தப்பா டயர் கடை வைத்திருந்தார். தோட்டத்து லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பஞ்சர் ஒட்ட அங்கேதான் வரும். பள்ளி விட்டதும் நான் அங்கே ஓடிவிடுவேன். பசை டின்னைப் பிடித்துக்கொள்வதும், ஒட்டிய டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க வெள்ளைப் பவுடர் தூவுவதும் என் வேலை. சித்தப்பாவின் பக்கத்தில் எனக்கென்று ஒரு முக்காலி இருந்தது. அப்பா வீட்டில் அதிகம் பேசாதவர். சித்தப்பாவோ என்னை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார். அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நான் உண்மையிலேயே முதலாளிதான்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: "பவுடரு பட்ட எடத்துல பசை நிக்காது முதலாளி. ஒட்டறதுக்கு முன்னால தின்னர் துணியால ஒரு தொடை தொடச்சிரு."

ஒருநாள் மெர்சிங்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் கார் எங்கள் கடை அருகே பஞ்சராகி நின்றது. டயரைக் கழற்றும்போது பின்சீட்டில் கறுப்பாக ஒரு ரப்பர் உடுப்பு கிடந்ததைப் பார்த்தோம். கடலில் முக்குளிப்பவர்களும் அலைச்சறுக்கு ஆடுபவர்களும் உடம்போடு ஒட்டினாற்போல் போட்டுக்கொள்ளும் வெட்சூட். அதன் முழங்கால் கிழிந்திருந்தது. சித்தப்பா ஒரு டியூப் துண்டை எடுத்து அதையும் ஒட்டப் போனார். மதியச் சோறு கொண்டுவந்திருந்த அக்கா, "சப்பையா இருக்கு சித்தப்பா, குடுங்க" என்று அந்தத் துண்டை வாங்கி, கத்தரியால் ஒரு கொக்காக வெட்டிக் கொடுத்தாள். தோட்டத்தில் புல்வெட்டும் ஆட்களின் பின்னாலேயே நடக்குமே, அந்தக் கொக்கு. வெள்ளைக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் கொக்கு வேண்டுமாம்.

செய்தி மெர்சிங் வரை போனது. தீவுகளுக்குப் படகு விடும் சீன முதலாளி ஒருவர், எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், புதிதாகவே ஐந்து உடுப்பு தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ரப்பர் தகடு வரவழைத்தார். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு பழைய உடுப்பைப் பிரித்து, பழைய நாளிதழின் மேல் பரப்பி, ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு வரைந்தாள். கணக்கில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாதவளுக்கு அது எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் கணக்கில் தொண்ணூறு வாங்குகிறவன்.

"முதலாளி, அக்காவுக்கு எடம் குடு. நீ போயி டியூப்புக்குக் காத்தடி."

எழுந்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். என் பசை டின்னும் அவள் மடியருகே போயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் ரப்பர் பேச்சுதான். ஐந்தும் நன்றாக அமைந்தால் ஜொகூர் பாருவில் ஒரு பட்டறை போடுவதாகவும், அக்காவை அங்கே கூட்டிப்போய்த் தையல் வகுப்பில் சேர்ப்பதாகவும் சித்தப்பா சொன்னார். "வெட்டற வேலை பூரா நீதாம்மா" என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். சாப்பிடும்போது அப்பா அவளைப் பார்த்து, "எத்தனை முடிஞ்சிருக்கு?" என்று கேட்பார். அந்த இரண்டு சொற்களுக்காக நான் உள்ளுக்குள் எரிந்தேன். என் தொண்ணூறைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஐந்தாவது உடுப்பின் பாகங்கள் வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. தவுக்கேயின் சொந்த அளவு அது, எல்லாவற்றிலும் பெரியது. அக்கா சாப்பிடப் போயிருந்தாள். சித்தப்பா வெளியே ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் பவுடர் டின்னைத் திறந்து, விலாப் பக்கத்து விளிம்புகளில் தூவினேன். கறுப்பில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வெண்மை மறையும்வரை உள்ளே ஏற்றினேன். தின்னர் துணி கையெட்டும் தூரத்தில் கிடந்தது.

அக்கா திரும்பி வந்து பசை தடவினாள். காயவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்தினாள். பிறகு தூக்கிக் காட்டினாள். "பாருடா தம்பி, எப்புடிப் புடிச்சிருக்கு!"

"ம்" என்றேன்.

ஞாயிறன்று வேனில் எல்லாரும் மெர்சிங் போனோம். அப்பாகூட வந்தார். தவுக்கே தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தட்டிக் காட்டி, இடுப்பளவு நீரில் இறங்கி இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அக்குளிலிருந்து இடுப்புவரை பிளந்தது. உள்ளே பூப்போட்ட கால்சட்டை தெரிந்தது. படகுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

"அபா இனி, தம்பி?" என்று, இது என்னவென மலாயில் கேட்டார் தவுக்கே, சித்தப்பாவைப் பார்த்து.

மற்ற நான்கும் நன்றாகவே இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டார். ஆனால் சித்தப்பாவுக்குக் காரணம் தெரிய வேண்டும். திரும்பும் வழியில் வேனிலேயே அக்காவின் கையை இழுத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. பயத்தில் யாருக்குத்தான் ஈரமாகாது?

"அலமாக்! கை வேர்க்குது இவளுக்கு. அதான் பசை நிக்கல" என்றார்.

காஹாங் வரும்வரை அக்கா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா ஜொகூர் பாருவுக்குப் போனார், அக்கா இல்லாமல். முக்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கடையை வாங்கியவர் அதைத் தண்ணீர்ப் பானை வைக்க எடுத்துக்கொண்டார். அக்கா பெக்கான் நானாஸில் அன்னாசி ஆலை வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமாகி அங்கேயே இருந்துவிட்டாள். எந்தக் குழந்தையைத் தூக்கினாலும், யாருக்குத் தட்டு நீட்டினாலும், முதலில் இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொள்வாள். உறவுக்குள் அதைக் கேலிகூடச் செய்வார்கள்.

பட்டறை வளர்ந்தது. வெட்சூட்டுக்குப் பிறகு அலைச்சறுக்குக் கால்சட்டை, அதன் பிறகு சட்டை, தொப்பி, பை. வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பேரங்காடிகளில் கடைகள் திறந்தன. எல்லாவற்றிலும் அந்தக் கொக்கு. கடலையே பார்த்திராத என் மாணவர்கள் நெஞ்சில் கொக்கோடு வகுப்புக்கு வெளியே திரிந்தார்கள். நான் ஆசிரியனாகச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகன் மூன்றாவது காரை வாங்கினான். அவனைப் பார்த்தும் வயிறெரிந்தேன். எதைக் கெடுத்தேனோ அது இன்னும் பெரிதாக வளர்ந்து நின்றது. அக்கா மட்டும் அதில் இல்லை.

போன வருடம் பேரனுக்குச் சட்டை வாங்க ஜொகூர் பாரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க நிறுவனத்தின் வரலாறு எழுதியிருந்தார்கள். கொக்கை வரைந்தவர் நிறுவனர் என்று இருந்தது. அதற்குக் கீழே, ஆரம்பகால உடுப்பு ஒன்று ஒருவரின் வேர்த்த கையால் பிரிந்ததாகவும், அதனால்தான் இன்றுவரை ஊழியர் அனைவரும் கையுறை அணிவதாகவும் ஒரு வரி. பேரன் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தான்.

மறுவாரம் சித்தப்பா மகனின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அவன் சிரித்தான். "அண்ணே, அது சின்னப்புள்ள வேல. விடுங்க லா. ஆனா அந்தக் கதை நல்லா ஓடுதுண்ணே, கஸ்டமருக்குப் புடிக்குது."

"அது பொய்."

"சரி, எடுத்துர்றேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

பிறகுதான் பெக்கான் நானாஸ் போகத் துணிந்தேன். அக்கா வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"கையில வேர்வை நிக்கணும்னு டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்டா. ஆலையில கையுறையக் கழட்டவே கூச்சப்பட்டேன்." துணியை மடியில் போட்டுவிட்டு, "எதுக்குடா செஞ்ச?" என்றாள்.

"முக்காலிக்காக."

"கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பேனே" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்தப்பா மகன் சொன்னபடி செய்துவிட்டான். சுவரில் அந்த வரி இல்லை. கொக்கை வரைந்தவர் பெயர் மாறவில்லை. இப்போது அக்கா அங்கே ஒரு தவறாகக்கூட இல்லை. நான் செய்த பரிகாரம் அவ்வளவுதான்.

நான்கு மாதம் அவள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. தீபாவளிக்குப் போனேன். வா என்றாள். எனக்குத் தேநீர் கலந்தாள். கோப்பையை எடுக்கும் முன் கைகள் பழக்கத்தில் சேலைக்குப் போயின. பாதியில் நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, முன்னைவிட நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

ரப்பரில் ஏறிய பவுடர் தின்னர் துணியால் ஒரு துடைப்பில் போய்விடும் என்பது அந்தப் பதினொரு வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. பசை தடவும்வரைதான் அதற்கு அவகாசம் என்பதும் தெரிந்திருந்தது. அது வேறு எதற்கெல்லாம் பொருந்தும் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.