கை நனைக்காத வீடு

கூட்டமே இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கே ஏன் கூட்டம் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி. நன்றாக இருந்தால் நாலு பேர் வந்திருக்க மாட்டார்களா? கொல்கத்தாவில் முப்பத்துமூன்று வருடம் குடித்தனம் செய்தவள் நான். ஒரு மரத்தடியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் அங்கே டீக்கடை போட்டுவிடுகிற ஊர் இது. இங்கே ஒருவரும் எட்டிப்பார்க்காத இடம் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

போன வருடம் குளிர் தொடங்கிய சமயத்தில் என் மகள்தான் இதை ஆரம்பித்தாள். அவள் அப்பா போய் மூன்று வருடமாக பெஹாலா வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் எழுந்த சரித்திரம் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, கெளம்பு. ஒரு நல்ல ஜாய்கா பாத்து வெச்சிருக்கேன். டூரிஸ்ட் ஒருத்தரும் வர மாட்டாங்க."

இடம் என்ற தமிழ் வார்த்தையே மறந்துபோன பெண். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்குப் பாதி வார்த்தை வங்காளிதான் வரும்.

"ஏன், விக்டோரியா மெமோரியலுக்கு என்ன கேடு?" என்றேன்.

"அங்கதான் எல்லாரும் போறாங்களே."

"எல்லாரும் போற எடத்துக்கு நாம ஏன் போகக் கூடாது?"

என் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

முதல் வாரம் சாந்த்ராகாச்சி. ரயில் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும் யார்டுக்கு அந்தப்புறம் ஓர் ஏரி, குளிர்காலத்தில் அதில் வந்து இறங்கும் வாத்துகள். கேமராவோடு ஆட்கள் நிற்கும் கரையை விட்டுவிட்டு, துணி துவைக்கிறவர்கள் மட்டும் இருந்த மறு கரைக்கு அழைத்துப் போனாள். வாத்துகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் "டிக்கெட்டை நீயே வாங்கும்மா" என்று என்னைக் கவுன்டருக்குத் தள்ளியிருந்தாள். என் கல்யாண வாழ்க்கை முழுவதும் டிக்கெட் எடுப்பது அவர் வேலை, பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கவுன்டர் ஆள் கேட்ட கேள்விக்கு என் உடைந்த வங்காளியில் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், தூரத்தில் நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வாரம் மூடிக்கிடக்கும் ஒரு சணல் ஆலையின் படித்துறை. அதற்கடுத்த வாரம் ஆற்றோரம் ஒரு பழைய செங்கல் சூளை. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "அமைதி இருக்கும்மா" என்பாள். வழி கேட்பதெல்லாம் என் தலையில். அவள் பத்தடி பின்னாலேயே வருவாள். போதாக்குறைக்கு, போய்ச் சேர்ந்ததும் ஒரு பரீட்சை வேறு. "இங்கேருந்து வீட்டுக்கு எப்படிப் போகணும், சொல்லு பாப்போம்?"

"ஏண்டி, என்னை இங்கேயே விட்டுட்டுப் போற உத்தேசமா?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். போனின் பூட்டு எண்ணை மாற்றியிருந்தாள். மேஜையில் அது அதிர்ந்தால் கவிழ்த்து வைத்தாள். மாடிக்குப் போய்ப் பேசினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பார்த்தேன், விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பையன். வங்காளிப் பையன். தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஊராகப் பார்த்து என்னை இழுத்துக்கொண்டு அலைவது, ஏதோ ஒரு ஞாயிறு, ஏதோ ஒரு முட்டுச்சந்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு. என்னிடம் நேராகச் சொன்னால் என்ன, கடித்தா விடுவேன்? கடித்துத்தான் இருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம் இல்லையா?

நான்காவது ஞாயிறு நான் நினைத்தபடியே நடந்தது. ஆற்றைக் கடக்கும் படகை இங்கே லாஞ்ச் என்பார்கள். அதில் ஏறி ஹவுராப் பக்கம் ஒரு சின்னத் துறையில் இறங்கினோம். பட்டறைகளைத் தாண்டி, பாசி பிடித்த சுவர்களுக்கு நடுவே பத்து நிமிட நடை. நான் வழியெல்லாம் குறித்துக்கொண்டே போனேன். பூட்டிய ஹோமியோபதி மருந்துக்கடையில் இடது பக்கம், அடிபம்பில் வலது பக்கம். ஒரு குளத்தங்கரையில் நீல ஜன்னல் வைத்த வீட்டின் முன்னால் நின்று, "எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மா வீடு. சும்மா அஞ்சு நிமிஷம்" என்றாள்.

சும்மா என்ற வார்த்தையை நான் என்றுமே நம்பியதில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். "ஆஷுன் தீதி" என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வலி உண்டா, எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன், தனியாகத் தூங்கப் பயமா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டாள். சம்பந்தியின் உடம்பைப் பற்றி இவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் ஒரு பையனின் போட்டோ. மூக்குக் கண்ணாடி, நல்ல களையான முகம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். என் மகள் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தட்டு வந்தது. சோறு, பருப்பு, வாழைப்பூப் பொரியல், பாயசம். மீன் இல்லை, வெங்காயம்கூட இல்லை, உங்களுக்காகவே தனியாகச் சமைத்தேன் என்றாள். பாயசம் வரைக்கும் ஏற்பாடாகியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பையன் வீட்டில் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் என்று அர்த்தம். என் மகளுக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் என்னைத் தட்டு முன்னால் உட்காரவைக்கிறாள் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றேன். தண்ணீர்? அதுவும் வேண்டாம்.

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். குரலைத் தாழ்த்தி, வங்காளியில், எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மகன் புனேக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மருமகளுக்கும் அங்கேயே வேலை. முதல் ஆறு மாசம் எனக்கும் சோறு இறங்கவில்லை தீதி. உங்கள் மகள் அடுத்த மாசம் அங்கே போனதும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லாஞ்ச் ஏறி இங்கே வந்துவிடுங்கள். உங்களுக்குத் தனியாக வரத் தெரியும் என்று அவள் சொன்னாள்."

மருமகள். புனே. அடுத்த மாசம். ஒரு மாதமாக நான் துப்பறிந்து கண்டுபிடித்த பையன், கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் செய்துகொண்டிருந்தான். கிளம்பிக்கொண்டிருந்தது என் மகள்.

எப்படி விடைபெற்றேன் என்று நினைவில்லை. துறைக்கு வந்து சேர்ந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் தெரியுது. பெத்தவளுக்குச் சொல்ல மாட்டியா?"

"இன்னும் சரின்னு சொல்லலம்மா. நாளைக்குத்தான் பதில் சொல்லணும்." அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "புரமோஷன். கூட வான்னா நீ வர மாட்டே, அப்பா இருந்த வீடும்பே. நீ தனியா வெளியில போய் வருவியா, நாலு பேரோட பழகுவியான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நெனச்சேன். இந்த ஆன்ட்டிகிட்டதான் போன்ல பேசிட்டே இருந்தேன்."

"அப்போ எனக்குத்தான் பரீட்சை."

"டிக்கெட் வாங்கினே, வழி கேட்டே. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? இன்னிக்கு ஒரு வாய் தண்ணிகூட வேணாம்னே. அவ்ளோதான், நான் போகலன்னு எழுதிடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்லம்மா. நெஜமா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அவள் என்னோடு இருந்துவிடுவாள். நான் ஒரு வார்த்தைகூடக் கெட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. பழி எல்லாம் விரதத்தின் மேல். அந்தச் சந்தோஷத்தை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லாஞ்ச் வந்து கயிறு போட்டார்கள். அவள் எழுந்தாள். நான் எழவில்லை.

"நீ ஏறு. வீட்டுக்குப் போ. நான் அப்புறம் வரேன்."

"தனியாவா?"

"ஏன், எனக்கு வழி தெரியாதா?"

அவள் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, வந்த வழியே திரும்பி நடந்தேன். முழங்கால் வலித்தது. ஆனால் வழி தப்பவில்லை. சந்தேகத்தோடு நடந்த வழி யாருக்குத்தான் மறக்கும்? அடிபம்பில் திரும்பி நீல ஜன்னல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த அம்மாள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பாள் போல, எச்சில் கையோடு வந்து திறந்தாள். "கிதே பேயேச்சே" என்றேன். பசிக்கிறது என்பதை அந்த பாஷையில் எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

அவள் எனக்குப் பின்னால் சந்துப் பக்கம் எட்டிப்பார்த்தாள். "மகள் எங்கே?"

"அவள் போகிறாள்" என்றேன். "நான் மட்டும்தான் வந்திருக்கிறேன்."