விடுமுறையில் உடைந்த கட்டி

ஜெர்மனியில் வலிக்கு மார்க் போட வேண்டும். போன வருடம் அடிவயிறு வலித்து டாக்டரிடம் போனபோது, "பத்துக்கு எவ்வளவு?" என்றார். கூடுதலாகச் சொன்னால் அலட்டுகிறாள் என்று நினைப்பாரோ என்று "நாலு" என்றேன். சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி, தானாகக் கரையும் என்று மூலிகைத் தேநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அது கரையவில்லை. கணவரை அங்கேயே விட்டுவிட்டு விடுமுறைக்கு அம்மா ஊரான எம்.ரெட்டியபட்டிக்கு வந்த என்னோடு அதுவும் வந்தது. அம்மாவுடன் சேலை எடுக்க அருப்புக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது அடிவயிற்றில் கத்தி இறங்கியது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் தோளும் வலித்தது.

"வாயுதான் தாயி. தோளுக்கு ஏறிருச்சு" என்று பக்கத்திலிருந்த அக்கா தைலத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்குக் கண் இருட்டியது. ஆட்டோவை ஓட்டி வந்த வீரசோழன் ஊர்க்காரர் சாகுல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் எறங்க வேணாம். மொதல்ல ஆசுபத்திரி" என்றார். யாரும் மறுக்கவில்லை. தைலக்கார அக்கா உள்ளே வரைக்கும் வந்தார்.

டாக்டரம்மா மார்க் கேட்கவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

"காலையில. சீயக்கா போட்டு" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிநாடு போயி இதக்கூட மறந்துட்டா டாக்டர். மாதவிலக்கக் கேக்குறாகடி."

அடுத்து கர்ப்பப் பரிசோதனை என்றதும் அம்மா எகிறினாள். "மருமகன் ஜெர்மனில இருக்காக, இவ இங்கன இருக்கா."

"குழாயில கரு தங்கி வெடிச்சாலும் இப்படித்தாம்மா இருக்கும். பாத்துட்டா நல்லது" என்றார் டாக்டர்.

கரு இல்லை. கட்டி உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அந்த ரத்தம் மேலே போய் உதரவிதானத்தை உறுத்தியதால்தான் தோள் வலியாம்.

"தைலம் தேச்சது யாரு?" என்றார் டாக்டர். அக்கா பெருமையாக ஒரு அடி முன்னால் வந்தார்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிப்போகும்போது, அதுவரை வாய் ஓயாத அம்மா பேசாமல் என் கால் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சின்னத் துளைகள் போட்டு, தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி, கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். சினைப்பை தப்பியது. ரத்தமும் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக சாகுல் ரத்தம் கொடுத்தார். அவர் கொடுத்தது வேறு யாருக்கோ போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்குள் ஓடுவது அவருடையதுதான் என்பதில் இன்றுவரை உறுதியாக இருக்கிறார்.

நான் ஜெர்மனி திரும்பிய பிறகும் விடவில்லை. நேற்றும் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, அங்க பனியாமே. நம்ம ரத்தம் தாங்குதா?"

பஸ்ஸுக்கு நின்றவள் கையுறையைக் கழற்றி, "தாங்குது தம்பி" என்று பேசி அனுப்பினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் நடுங்கும் விரல்களைப் பார்த்து, குளிருகிறதா என்றார். எனக்குப் பழகிவிட்டது, வீரசோழன் ரத்தத்துக்குத்தான் இன்னும் பழகவில்லை என்று சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் வளரவில்லை.