டப்பா ஜெயித்த வாரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு போர் நடந்தது. அம்மா ஃபிரிட்ஜ் கட்சி, நான் எவர்சில்வர் டப்பா கட்சி. சண்டை, அப்பா கொண்டுவரும் பிரெட்டை எதில் வைப்பது என்று.

அப்போது மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. சாயங்கால டீயோடு கேன்டீனில் நாலு துண்டு பிரெட் தருவார்கள். அவர் டீயை மட்டும் குடித்துவிட்டு பிரெட்டைக் காகிதக் கவரில் போட்டு எனக்காகக் கொண்டுவருவார். அம்மா அதைப் புது ஃபிரிட்ஜில் வைப்பாள். ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு எதையாவது வைக்காமல் இருக்க முடியுமா? காலையில் பிரெட் அட்டையாக விறைத்திருக்கும். "தோசைக்கல்லுல போட்டா சரியாயிடும்" என்பாள். ஆகவே ஆகாது!

அதனால் மூடி இறுக்கமான டப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். என்றைக்கு வந்தது என்று தெரிய, கவர்மேல் ஸ்கெட்ச் பேனாவால் கிழமையை எழுதி, கீழே ஒரு பூவும் போடுவேன். காலிக் கவர்களை அம்மா எறியமாட்டாள். சமையலறை ஆணியில் குத்தி வைப்பாள்.

அது அப்பாவின் காண்டிராக்ட் முடிகிற மாதம். அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ரினிவல் பண்ணிட்டாங்களா?" என்று தினமும் கேட்பாள். "பண்ணிடுவாங்க, பண்ணிடுவாங்க" என்பார். கம்பெனி பஸ் வரும் நேரத்தில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடையாய் நடப்பாள். ஒருநாள் அப்பா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "கம்பெனி பஸ்ஸு ரிப்பேரு" என்றார். மறுநாளும் ரிப்பேர். பிரெட் மட்டும் தவறாமல் வந்தது.

அந்த வாரம்தான் என் டப்பா ஜெயித்தது. காலையிலும் பிரெட் மெத்தென்று இருந்தது. "பாத்தியா? இனிமே ஃபிரிட்ஜுல தண்ணி பாட்டில் மட்டும் வெச்சுக்க" என்று அம்மாவைச் சீண்டினேன். அப்பா, "எல்லாம் உன் கைராசி சாமி" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிழமையை எழுதப் பேனாவைத் திறந்தேன். கவரில் ஏற்கெனவே 'திங்கள்' என்று இருந்தது. கீழே என் பூ. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, இங்க பாரு! அப்பா நம்ம பழைய கவர்லயே பிரெட் போட்டுக் கொண்டாந்திருக்கு!"

அம்மா வந்து கவரைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். பிரெட்டை மோந்து பார்த்தாள். கேன்டீன் பிரெட்டுக்கு வாசமே கிடையாது; இதுவோ பேக்கரியில் அன்று சுட்டது. அப்பா யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன நாளா?" என்றாள்.

"போன வாரத்துலேர்ந்து."

அம்மா அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி வைத்தாள். பிறகு, "நாளைக்கு வெயில்ல அலைய வேணாங்க, வீட்லயே இருங்க. பிரெட்டும் வேணாம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே டப்பாவை அவள் முன்னால் நங்கென்று வைத்தேன். "நீ தோத்துட்ட! அதனாலதான பிரெட்டையே நிறுத்தற?"

முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடிக்கவில்லை. "ஆமாண்டி, தோத்துட்டேன்" என்றாள்.

அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாளே! அந்தப் பெருமையில் நாலு துண்டையும் அங்கேயே உட்கார்ந்து நானே தின்றேன். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு துண்டு கொடுக்கவில்லை.