மழைக்காட்டு அம்மா

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு, பேசிக்கொண்டிருந்த என் மகளின் குரல் பாதியில் அறுந்தது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. நான் வடக்கே, கரம்பொன்னில் தனியாக இருக்கிறேன். அவள் தெற்கே, மழைக்காட்டு ஓரக் கிராமம் ஒன்றில் வேலை செய்கிறாள். காடு அழியாமல் ஊர்ச்சனம் அதிலிருந்து எதை, எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்து எழுதுவது அவளுடைய வேலை.

அவள் தங்கியிருந்தது ஒரு சிங்களப் பெண்ணின் வீட்டில். என் வயதுதான் இருக்கும். மகள் அவரை "அம்மே" என்று கூப்பிடுவாள். என்னோடு பேசினாலும் அவர் புராணம்தான்.

"அம்மா, இவ மருந்துக்கு எடுக்கிற மரமஞ்சள் கொடியை அடியோட வெட்ட விடமாட்டா. முழங்கால் உயரம் விட்டிட்டுத்தான் வெட்டுவா. அப்பத்தான் திரும்பத் தளிர்க்குமாம்."

"நானும் உனக்கு முருங்கை ஒடிக்கப் பழக்கினனான்தானே?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வேறு, "மகளுக்குப் புதுத் தாய் கிடைச்சிட்டா, உமக்கு இனி ஓய்வுதான்" என்று பகிடி பண்ணினார். ஒருநாள் அந்தப் பெண்ணே தனக்குத் தெரிந்த தமிழில் என்னை அழைத்துப் பேசினார். மகள் காய்ச்சலில் கிடந்தபோது தான் கஞ்சி கொடுத்ததாகச் சொன்னார். எனக்குச் சொல்லாத காய்ச்சல்! பேசி முடித்த கையோடு அவருடைய எண்ணைத் தடுத்துவிட்டேன்.

மகளின் குரல் அறுந்த அன்று மாலைச் செய்தியில், அந்தப் பக்கம் மண்சரிவு என்றார்கள். பாதைகள் மூடியிருந்தன. அவளுடைய அலுவலகத்திலும் எவருக்கும் விவரம் தெரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் தொலைபேசி கையில்தான். நான் தடுத்து வைத்த எண் மட்டும் ஒருதரமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் படலை திறந்தது. காலில் கட்டோடு மகள். அவளைத் தாங்கியபடி அந்தப் பெண்.

கொடிகளை எண்ணப் போன இடத்தில் ஓடை திடீரெனப் பெருகி, மகளையும் தொலைபேசியையும் இழுத்திருக்கிறது. மகளைக் கரை சேர்த்தவர் அவர்தான். மகளுக்கு மனப்பாடமாய் இருந்தது என் எண் ஒன்றே. அவருடைய தொலைபேசியிலிருந்து திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள்.

நான் மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் கையைப் பிடித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன் எடுக்கல்ல. உங்களுக்கு என்னமோ நடந்தது நினைச்சு, நாங்க பயந்தது. அதான் நானும் வந்தது. சுகமா?"

"ஓம்" என்றேன். ஏன் எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இப்போது அவர் அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.