கட்டிலுக்குக் கீழே ஏரி

ஒன்ராறியோ ஏரியைத் தேக்கரண்டியால் அள்ளி நக்கிப் பார்த்த மடையன் நான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, வைன் ருசி பார்க்கிற பெரிய மனிதர்களைப்போல நாக்கில் உருட்டியும் பார்த்தேன்.

பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனபிறகு மார்க்கம் வீட்டை விற்றுவிட்டு, நானும் மனைவியும் ஸ்காபரோ மண்மலைக்குக் கீழே உள்ள படகுத்துறையில் குடியேறியிருந்தோம். எங்கள் படகு, கால்வாயில் ஓடவென்று யாரோ இரும்பில் கட்டுவித்தது. நீளத்துக்குக் குறைவில்லை. அகலம்தான் பஸ்ஸுக்குள் நடக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் கூட. நான் அடுப்படியிலிருந்து கதவுக்குப் போவதென்றால் மனைவி கட்டிலில் ஏறி வழிவிட வேண்டும்.

"முப்பது வருசமா உங்களுக்கு விலத்தாத நான், இப்ப நாளுக்கு இருபது தரம் விலத்திறன்," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

உண்மையில் என்னைவிட அவளுக்குத்தான் படகு பிடித்துப்போனது. காலையில் வாத்துகள் வந்து படகின் அடியில் படிந்த பாசியைக் கொத்தும். தட்தட் என்று கேட்கும். "ஆரோ கதவைத் தட்டுகினம், போய்ப் பாருங்கோ," என்று என்னை எழுப்பிவிட்டு அவள் போர்த்துக்கொண்டு படுப்பாள். முதல் இரண்டு நாளும் நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.

குளிர்காலத்துக்கு வேலை கூட. படகை மேலிருந்து கீழ்வரை பிளாஸ்ரிக்கால் சுற்றினோம். பனிக்கட்டி படகை நெரிக்காமல் இருக்க, தண்ணீருக்குள் ஒரு மோட்டரை இறக்கிவிட்டோம். அது இரவு பகலாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். இவ்வளவும் செய்து முடித்துக் கையில் தூசி தட்டிய பிறகு, தை மாதத்தில் ஒருநாள் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நின்றது.

துடைத்தேன். அடுத்தநாளும் நின்றது. இரும்புப் படகில் தண்ணீர் என்றால் அடியைக் கறள் தின்று ஓட்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். படகுத்துறைக்காரர் படகைக் கிரேனால் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். வசந்தம் வரும்வரை அதில் குடியிருக்க விடமாட்டார்கள்.

மனைவி தவணை வைத்தாள். "சனிக்கிழமைக்குள்ளை ஓட்டையைக் கண்டுபிடியுங்கோ. இல்லாட்டி நான் றிச்மண்ட் ஹில்லுக்கு அக்கா வீட்டை போறன். அங்கை கட்டிலுக்குக் கீழை கார்ப்பெட்தான் இருக்கு, குளமில்லை."

அவள் போனால் நானும் பின்னால் போவேன். படகு விலைப்படும். அதுதான் நடக்கும்.

ஆகவே கரண்டியை எடுத்து, கட்டிலடித் தண்ணீரையும் ஏரியையும் குழாயையும் மாறிமாறி நக்கிப் பார்த்தேன். ஏரித் தண்ணீர் என்றால் அடியில் ஓட்டை. குழாய்த் தண்ணீர் என்றால் பைப்பில் எங்கோ கசிவு. ருசியில் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

"என்ன, ஏரியோ பைப்போ?"

"ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கு."

"ரொறன்ரோப் பைப்பிலை வாறதே உந்த ஏரித் தண்ணிதானேயப்பா!"

முப்பது வருடமாக அந்த ஏரியைத்தான் குடித்து வந்திருக்கிறேன்.

கடைசியில் மல்வேர்னில் இருக்கும் அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். மன்னார்க்காரர். இங்கே வெல்டிங் வேலை. சனிக்கிழமை காலை வந்து, தலையைக் குனிந்து உள்ளே இறங்கினார்.

"எங்கடை சனம் கப்பலிலை வந்து வீட்டிலை ஏறினது. நீர் வீட்டை வித்துக் கப்பலிலை ஏறியிருக்கிறீர்," என்றார்.

தண்ணீரை ஒட்டத் துடைத்து, கட்டிலுக்குக் கீழே குழந்தைப்பிள்ளைப் பவுடரைத் தூவினார். தண்ணீர் எந்த வழியால் வருகிறதோ, அந்த வழி பவுடரில் கோடாகத் தெரியுமாம். ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும். கதவடியில் மனைவியின் பயணப்பை கட்டி முடித்தபடி நின்றது.

வந்த மனிதரைச் சும்மா வைத்திருக்கலாமா? புட்டு அவிக்கத் தொடங்கினேன். புட்டு விஷயத்தில் நான் பெரிய ஆள். மனைவிக்குப் பாண் துண்டு போதும். எனக்குக் காலையும் புட்டு, மாலையும் புட்டு என்று அண்ணையிடமும் பெருமையாகச் சொன்னேன். அதுவும் ஊரிலிருந்து வந்த ஓலை நீத்துப்பெட்டியில் அவித்தால்தான் இறங்கும். பானை கொதித்தது. ஆவி எழும்பியது. மணம் படகை நிறைத்தது.

அண்ணையின் வழுக்கைத் தலையில் டொக்கென்று ஒரு துளி விழுந்தது.

"தம்பி, கூரை ஒழுகுது."

"வெளியிலை மழையில்லை அண்ணை. மேலை பிளாஸ்ரிக்கும் கிடக்கு."

டோர்ச்சை மேலே அடித்தார். கூரை முழுக்கத் துளிகள். ஒவ்வொன்றாக நகர்ந்து, இரும்புச் சுவரோடு வழிந்து, உள்பக்கம் அடித்திருந்த பலகைக்குப் பின்னால் இறங்கின. கீழே குனிந்து பார்த்தார். நடுவில் பவுடர் மா மாதிரிக் காய்ந்து கிடந்தது. சுவரோரம் மட்டும் ஒரு ஈரக் கோடு. பிறகு கூரையில் இருந்த காற்றுத் துவாரங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெள்ளி நிற டேப்.

"உதுகளை ஆர் ஒட்டினது?"

"குளிர் வருமெண்டு நான்தான்..."

அவர் பானையைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார்.

"ஐயோ தம்பி, கப்பலிலை ஓட்டை இல்லை. அதுதான் பிரச்சினையே! இருந்த ஓட்டை எல்லாத்தையும் நீரே அடைச்சுப்போட்டீர். ரெண்டு நேரமும் புட்டு. ஆவி வேறை எங்கை போறது?"

மனைவி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை. மூன்றுபேரும் சேர்ந்து டேப்பை உரித்தோம். அண்ணை சம்பலோடு மூன்று நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டு, "குற்றவாளி நல்ல ருசி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி பயணப்பையைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுத்தாள். மனம் குளிர்ந்துபோய் நின்றேன். பிறகு அவள் அடுப்படிக்குப் போய் நீத்துப்பெட்டியையும் பானையையும் கொண்டுவந்து அதே பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப, அக்கா வீட்டை போறதில்லையோ?" என்று கேட்டேன்.

"நானில்லை, நீத்துப்பெட்டி போகுது."